பாரதம் வாசிக்க ஒரு பங்கு

ஆண்டுக் கணக்கு முடிந்து கோடை பிறந்துவிட்டால், நம் சங்கங்களில் தவறாது எழும் பேச்சுகளுள் ஒன்று, “இவ்வாண்டுச் சுற்றுலா எங்கே?” என்பதாகும். உதகை என்பார் சிலர். கொடைக்கானல் என்பார் சிலர். திருப்பதி சென்றால் புண்ணியமும் கிட்டும் என்பார் வேறு சிலர். ஆண்டு முழுவதும் தறிக்குழியில் காலூன்றியிருப்பவரும் வயற்சேற்றில் காலூன்றியிருப்பவரும் நான்கு நாள் வெளியூர்க் காற்றை நுகர்வதை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும், அங்கத்தினர்கள் முன் ஒரு கருத்தை வைக்க விரும்புகிறோம். வருகின்ற சுற்றுலாவை, காஞ்சியிலிருந்து புறப்பட்டு இரண்டு நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய ஊர்களுக்கே அமைத்துக்கொள்ளுங்கள்.

ஏகாம்பரநாதரையும் வரதராசரையும் காமாட்சியையும் நாம் சொல்லவில்லை. அக்கோயில்களுக்கு உலகமே வந்து செல்கிறது. நமக்கோ அவை அன்றாடம் கடந்து செல்லும் வீதிகள். நாம் சொல்வது, சுற்றுலாப் பேருந்துகள் நில்லாத இடங்களை. சாலையோரப் பலகையில் பெயர் இருந்தும் நம் கண்ணில் படாத இடங்களை. செலவு குறையும் என்பதற்காக இதைக் கூறவில்லை. பொதுச் சொத்து என்பது எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு காக்கப்பட்டது, எங்கே கைவிடப்பட்டது என்னும் கணக்கு இவ்வூர்களில் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டுறவாளர் படிக்க வேண்டிய கணக்கு அது.

பயணத்தைப் பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கியின் வாயிலிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் இயற்றப்பட்டது 1904-ஆம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபரிலேயே காஞ்சியில் நகரக் கடன் சங்கம் ஒன்று பதிவாயிற்று; நாட்டில் அவ்வகையில் முதலாவது அதுவே. பாவுக்கும் சரிகைக்கும் கடன் வாங்கி வட்டியில் மூழ்கிய ஊரில் இப்படியொரு விளக்கு ஏற்றப்பட்டது என்பதை நம் இளைஞர்களுள் எத்தனை பேர் அறிவர்? கோபுரம் இருந்தால்தான் தொன்மைச் சின்னம் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நூற்றிருபது ஆண்டுகளாக ஓர் ஊரார் தம் பணத்தைத் தாமே நிர்வகித்து வந்ததும் ஒரு சின்னந்தான்.

அங்கிருந்து வேகவதியைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம். ஊரின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. சமணர் வாழ்ந்த சினகாஞ்சி இதுவே. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விசயநகர அமைச்சராகிய இருகப்பர் 1387-88-இல் கட்டுவித்தார். தூண்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கழுத்து நோவதைப் பொருட்படுத்தாது மேல் விதானத்தைப் பாருங்கள். இருடபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வரலாறுகளும், நேமிநாதருக்கு உறவினனாகிய கண்ணனின் கதையும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரிசையின் அடியிலும் இன்ன காட்சி என்று தமிழில் எழுதிவைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துச் சொல்ல, தெரியாதவர் பார்த்துக்கொண்டே கேட்பதற்காக அமைந்த ஓவியம் அது.

நெசவாளர் அங்கே பார்க்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. அவ்வோவியங்களில் வரும் ஆடவரும் மகளிரும் உடுத்தியிருக்கும் துணிகளை உற்று நோக்குங்கள். கோடுகள், கட்டங்கள், பூக்கள், கரையின் அகலம், கொசுவத்தின் மடிப்பு என அக்காலத்துத் துணி நம் கண்முன் நிற்கிறது. இன்று பட்டுப்புடவைக்குப் புது டிசைன் வேண்டுமெனில், வேறொருவர் கடையில் தொங்கும் புடவையைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து அட்டை குத்துகிறோம். அவ்வொருவரும் மற்றொருவரிடமிருந்து அப்படியே எடுத்திருப்பார். மயில்கண்ணும் ருத்திராட்சமும் கோபுரக் கரையும் நம் முன்னோருக்குக் கடையிலிருந்து வந்தவையல்ல. கோயில் தூணையும் சுவரையும் பார்த்துப் பார்த்துத் தறியில் ஏற்றியவை. வரைபடம் போடும் நம் இளைஞர்கள் ஒரு நாள் முழுவதும் அவ்விதானத்தின் கீழ் அமர்ந்து, தாளில் கையால் வரைந்து பழகட்டும். ஓவியத்தைத் தொடாமலும் பளிச்சிடும் விளக்கைக் காட்டாமலும் அதனைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஈரமும் புகையும் ஏற்கெனவே தின்றது போக எஞ்சியிருப்பதே நம் கையிருப்பு.

பாலாற்றைத் தாண்டித் தூசி வழியே சென்றால் மாமண்டூர். இங்கே குன்றின் அடியில் பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு ஒன்று சிதைந்த நிலையில் இங்கே காணப்படுகிறது. அவன் எழுதிய ‘மத்தவிலாசம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை அது குறிப்பிடுகிறது. காஞ்சி வீதியில் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகனையும், அவனோடு வழக்காடும் துறவிகளையும் எள்ளி நகையாடும் நாடகம் அது. அரசனொருவன் தன் தலைநகரத்தின் போலிகளைத் தானே நகைத்து எழுதியதையும், அதனைக் கல்லில் பொறிக்க இடந்தந்ததையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. குன்றை அடுத்து விரிந்திருக்கும் பேரேரிக்குச் சித்திரமேக தடாகம் என்பது பழம்பெயர். வேளாண் அங்கத்தினர்கள் குடைவரையைக் காட்டிலும் ஏரிக்கரையில் நெடுநேரம் நின்றுவிடுவார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம், அதில் பிழையில்லை. கலையும் ஏரியும் ஒரே கரையில் அமைந்தது தற்செயலன்று. ஏரி நிறைந்தால்தான் களம் நிறையும். களம் நிறைந்தால்தான் கூத்து நடக்கும்.

கூத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இப்பயணத்தின் உயிர் அதுவே. காஞ்சி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் கோடை மாதங்களில் திரௌபதி அம்மன் விழா நடைபெறும் ஊர்கள் பல. பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, இறுதி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. கூத்தில் வேடம் புனைந்தவன் திடீரென்று வந்து நிற்பதில்லை. இருவர் பிடித்த ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பாடுவான். முகவீணையும் மத்தளமும் தாளமும் சேர்ந்து ஒலிக்கும். கட்டியங்காரன் கேலி பேசுவான். பிறகே திரை விலகி, மரக்கட்டையில் செதுக்கிய கிரீடமும் புயக்கட்டையும் விளக்கொளியில் மின்ன, துரியோதனன் வெளிப்படுவான். அரங்கும் இல்லை, அலங்கார வளைவும் இல்லை. நாற்சந்தியில் ஒரு முழத்துணி அரண்மனை வாயிலாகிவிடுகிறது. துணி நெய்பவர்களாகிய நாம் அத்துணியின் பெருமையை அறிந்துகொள்ள வேண்டாவா?

செய்யாறு வட்டாரத்துப் புரிசை, கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். 2003-இல் மறைந்த கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் அங்கே இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகின்றனர். பாரதக் கதையோடு நில்லாது, கொலம்பிய நாட்டு எழுத்தாளர் மார்க்கேசின் கதையையும் அவர்கள் கூத்தாக ஆடியிருக்கின்றனர். காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்திச் சிறுவருக்கும் சிறுமியருக்கும் பள்ளிக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. ஆண்களே பெண்வேடம் புனைந்துவந்த கலையில் பெண்பிள்ளைகள் வேடங்கட்டி ஆடினார்கள். வியப்பு யாதெனில், இவற்றை வெளிநாட்டார் வந்து எழுதிச் செல்கின்றனர். நாமோ பக்கத்து ஊரில் இருந்துகொண்டு பேர்கூட அறியாமலிருக்கிறோம்.

படுகளத்தன்று விடியற்காலையில் சென்றால், திடலில் ஊரே கூடிச் செய்த பேருருவம் ஒன்றைக் காணலாம். மண்ணைக் குவித்து நீர் தெளித்துக் கெட்டித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனாக அதனை உருவாக்கியிருப்பார்கள். வீட்டைவிட நீளமான உடல், பிதுங்கிய விழி, முறுக்கிய மீசை, மார்பில் பூசிய வண்ணங்கள். வேடமிட்ட பீமனும் துரியோதனனும் அவ்வுருவத்தைச் சுற்றியும் அதன்மீது ஏறியும் போரிடுவார்கள். தொடையில் கதை விழுந்ததும் உள்ளே வைத்த செந்நீர் பீறிடும். திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். இறந்தவன் கொடியவனே ஆயினும் அவனுக்காக ஒப்பாரி ஒலிக்கும். பின்னர் அம்மண்ணைப் பிடிபிடியாக அள்ளி வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். விளைச்சல் பெருகும் என்று நெற்குதிரில் இடுவோரும் உண்டு. மாலைக்குள் அத்துணைப் பெரிய உருவம் திடலில் இராது. அடுத்த விழாவுக்கு மீண்டும் மண் சுமக்க வேண்டும்.

சிமெண்டில் ஒருமுறை கட்டிவிட்டால் இந்த வேலை மிச்சமாகுமே என்று எண்ணுவோர் இருக்கலாம். மிச்சமாகும், ஆனால் மிச்சமாவது வேலை மட்டுமன்று. மண் கொண்டுவந்தவர், நீர் தெளித்தவர், முகம் திருத்தியவர், வண்ணம் குழைத்தவர் ஆகிய எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஜப்பான் நாட்டில் இசே என்னும் ஊர்க் கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகின்றனர். 2013-இல் 62-ஆவது முறையாகக் கட்டினர். கட்டும் கை மறந்துபோகாமல் இருப்பதற்கு அதைவிடச் சிறந்த வழியில்லை. நம் படுகளத்திலும் அதே வழிதான் இருக்கிறது. யாரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை, அவ்வளவே. சிமெண்டு உருவத்துக்கு ஆண்டுக்கொருமுறை வண்ணம் பூசும் கூலியாள் போதும், ஊர் வேண்டியதில்லை.

இவ்வாறு ஊர்ப் பொதுவாகக் கலையைப் பேணும் வழக்கம் இம்மண்ணில் எவ்வளவு பழமையானது என்பதைக் காணக் கூரத்துக்குச் செல்ல வேண்டும். காஞ்சிக்கு அருகிலுள்ள அவ்வூரின் கோயிலுக்காக, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த செப்பேடு புகழ்பெற்றது. பாலாற்றிலிருந்து கால் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்ந்ததை அது கூறுகிறது. செக்கும் தறியும் அதில் பேசப்படுகின்றன. கோயிலின் வழிபாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் பங்குகள் ஒதுக்கியது போலவே, அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மண்டபத்துக்கு நீரும் நெருப்பும் தருவோருக்குக்கூட ஒரு பங்கு உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கதை சொல்பவனை வாழ்த்துரையோடு அனுப்பிவிடாமல் வரவுசெலவில் அவன் பெயருக்கு ஒரு வரி எழுதிவைத்தார்கள். இக்கட்டுரையில் நாம் சொல்லவந்தது எல்லாம் அந்த ஒரு வரிதான்.

பங்கு என்றால் கணக்கு உண்டு. கணக்கு என்றால் உத்திரமேரூர். காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்ததை விரிவாகக் கூறுகின்றன. 30 குடும்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். அதனை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதலாகாது.

இக்கடைசி விதியை அங்கத்தினர்கள் இருமுறை வாசிக்க வேண்டும். இன்று ஒவ்வொரு சங்கத்திலும் அதனை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்பதை அவரவர் ஊரை நினைத்து எண்ணிக்கொள்ளலாம். அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அச்சபை வேதம் வல்ல அந்தணர், அவருள்ளும் நிலமும் மனையும் உடைய ஆடவர், அவர்களுக்கே உரியதாக இருந்தது. உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்டிருக்கும் அதில் இடமில்லை. ஆகவே, அதனைக் குடியாட்சியின் முழுவடிவம் என்று போற்றுவது மிகை. அதில் கணக்குக்கு இருந்த அச்சத்தைப் போற்றுவதே முறை.

நெய்தவர் எங்கே இருந்தார் என்று கேட்போருக்குக் காஞ்சியே விடை தருகிறது. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் வெளியிட்ட செப்பேடு, சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சி ஊரகத்துக் கோயிலின் அறப்பணிகளைப் பற்றியது அது. பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர் வாழ்ந்த நான்கு சேரிகள் அதில் பேசப்படுகின்றன. கோயில் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பு நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கோயிலுக்குப் புடவை நெய்து கொடுத்துவிட்டுப் புறத்தே நின்றவரல்லர் நம் முன்னோர். அதன் நிர்வாகத்தில் அமர்ந்தவர்கள். சுற்றுலாவின் முடிவில் அங்கத்தினர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய செய்தி இது.

“நூல் விலை ஏறியிருக்கிறது, கூலி போதவில்லை, விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்கிறார்கள். இந்நிலையில் கூத்தும் குகையும் நமக்கு எதற்கு?” என்று கேட்பவர் இருப்பர். நியாயமான கேள்வி. எனினும் அவரை ஒன்று கேட்கிறோம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே, அதன் பொருள் என்ன? இழையும் சரிகையும் மட்டுமல்ல, இந்த ஊரில் இந்த முறையில் நெய்யப்பட்டது என்பதற்கும் விலை உண்டு என்பதே. அந்த ‘ஊர்’ என்பது தறியோடு முடிந்துவிடுவதன்று. உடலையும் கரையையும் கோர்வை போட்டு நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் தறி நிற்கும். ஊரின் கைத்தொழிலும் ஊரின் கலையும் அவ்வாறே கோர்க்கப்பட்டவை. கரையை அறுத்துவிட்டு உடலை மட்டும் காஞ்சிப் பட்டு என்று எவரும் வாங்கார்.

ஆகவே, சங்கங்கள் செய்யத்தக்கவை சிலவற்றை முன்வைக்கிறோம். முதலாவது, ஆண்டுச் சுற்றுலாக்களுள் ஒன்றேனும் மேற்கூறிய வழியில் அமையட்டும். நெசவாளர் சங்கமும் வேளாண் சங்கமும் ஒரே வண்டியில் செல்லட்டும். இரண்டாவது, படுகளத்துக்குச் செல்வோர் வேடிக்கை பார்ப்பவராக அன்றி விருந்தினராகச் செல்லட்டும். விழாக் குழுவிடம் காணிக்கை செலுத்தி இரசீது பெறட்டும். மூன்றாவது, துணைவிதிகள் இடந்தரும் அளவில், பொதுநல நிதியிலிருந்து ஆண்டுக்கு ஓர் இரவுக் கூத்துக்கான தொகையை ஒதுக்கட்டும். நான்காவது, பழஞ்சுவர்களில் பெயர் கீறுவதையும், எண்ணெய் பூசுவதையும், மணல் வீசிக் கல்லைச் சுரண்டுவதையும் கண்டால், நமக்கென்ன என்று வாளாவிராமல், உரிய துறைக்குச் சங்கத்தின் பெயரால் எழுதட்டும். தனியொருவர் எழுதும் கடிதத்தைவிட முந்நூறு பேர் கையெழுத்திட்ட தீர்மானத்துக்கு வலிமை அதிகம் என்பது கூட்டுறவின் முதற்பாடம்.

மூன்றாவதைப் பற்றி மேலும் ஒரு சொல். கூத்துக் கலைஞரை ஆண்டு விழாவுக்கு அழைத்து, தலைவர்கள் பேசி முடித்தபின் கால்மணி நேரம் ஆடவிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்பொன்னாடையும் பெரும்பாலும் கைத்தறியன்று. இது கலைக்கும் இழுக்கு, நமக்கும் இழுக்கு. ஆறு கசப் புடவையை ஒரு முழமாக வெட்டிக் காட்டச் சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்? அழைப்பதானால் முழு இரவுக்கு அழையுங்கள்; பேசிய கூலியை விடிந்ததும் கையில் கொடுங்கள்; செலவுச் சீட்டில் அதனை ‘அன்பளிப்பு’ என்று எழுதாமல் ‘கூலி’ என்றே எழுதுங்கள். நம் கூலியை எவரேனும் அன்பளிப்பு என்று சொன்னால் நாம் பொறுப்போமா?

பொதுப்பேரவை கூடும்போது நிகழ்ச்சி நிரலில் இதற்கென ஓர் இனம் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்க அங்கத்தினரையும் வேண்டுகிறோம். தொகை சிறிதாயிருக்கலாம், ஆண்டுதோறும் தவறாது இருக்க வேண்டும், ஆண்டு முடிவில் அதற்குக் கணக்கும் காட்டப்பட வேண்டும். தலைப்புக்குச் சொல் தேட வேண்டியதில்லை. கூரத்துச் செப்பேட்டின் வழியிலேயே, ‘பாரதம் வாசிக்க ஒரு பங்கு’ என்று எழுதினால் போதும்.